காத்திருக்கும் வகுப்பு: எல்லையோரத் தொடக்கப் பள்ளிகளில் கற்றல் ஊக்கமும் பாடவேளை மேலாண்மையும்

கல்வி உளவியல் பாடத்திட்டங்கள் ஊக்கமூட்டலை ஓர் அலகிலும் வகுப்பறை மேலாண்மையை வேறோர் அலகிலும் வைத்துப் பழகிவிட்டன. ஊக்கம் மாணவரின் மனத்தைச் சேர்ந்தது, மேலாண்மை ஆசிரியரின் கண்டிப்பைச் சேர்ந்தது என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது. ஈராசிரியர் பள்ளிக்குள் நுழைந்தால் இந்தப் பிரிவினை நிற்பதில்லை. அங்கே பிள்ளையின் ஆர்வத்தை முதலில் தின்பது காத்திருப்பு. ஆசிரியர் அடுத்த வகுப்புக்குக் கணக்குச் சொல்லி முடிக்கும்வரை வேலையின்றி உட்கார்ந்திருப்பதையே இங்குக் காத்திருப்பு என்கிறேன். பாடவேளையின் அமைப்பே ஊக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எளாவூர் இதைச் சோதித்துப் பார்க்கத் தக்க இடம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்கு முன்னால் சோதனைச்சாவடி உள்ள ஊர். சென்னை–கூடூர் ரயில் பாதையும் இவ்வழியே செல்கிறது. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இந்தப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வருவோர் அண்மைக்கால வரவு. ஆகவே இங்கு ஒரே அறைக்குள் வயது, வகுப்பு, வீட்டுமொழி மூன்றும் வேறுபடுவது இயல்பு.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை விதிக்கிறது. வகுப்புகளோ ஐந்து. 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் தாளில் அழகாக இருக்கிறது. அந்த முப்பதும் மூன்று வகுப்பாகப் பிரிந்து கிடப்பதை விகிதம் காட்டாது. 40 நிமிடப் பாடவேளையை மூன்று வகுப்புக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் கிடைப்பது 13 நிமிடம். மீதி 27 நிமிடத்திற்கு என்ன வேலை என்பதே மேலாண்மையின் கேள்வி. ஊக்கத்தின் கேள்வியும் அதுதான்.

அமெரிக்க ஆய்வாளர் ஜேக்கப் கௌனின் 1970இல் வெளியிட்ட நூலில் இதற்கு வலுவான சான்று உண்டு. குறும்பு செய்த மாணவரை ஆசிரியர் எப்படி அடக்குகிறார் என்பதை ஒப்பிட்டவருக்குத் திறமையான ஆசிரியருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு குறும்புக்கு முன்பே இருந்தது: அறை முழுவதும் நடப்பதை அறிந்திருத்தல், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனித்தல், பாடம் அறுபடாமல் நகர்தல். அதட்டலின் நயம் பற்றி நம் பயிற்சி வகுப்புகளில் செலவாகும் நேரத்தை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

தமிழகத்துக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. மூத்த மாணவரே இளையவரைக் கவனிக்கும் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறை பல நிலை மாணவரை ஒரே இடத்தில் வைத்துச் சமாளித்தது. 1789 முதல் எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதைக் கைக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்து, 1797இல் இங்கிலாந்தில் நூலாக்கினார். பிரம்பையும் சேர்த்து அந்தப் பழமையைப் போற்றுவது என் நோக்கமன்று. ஆனால் காத்திருப்பைக் குறைக்கும் அறிவு அதில் இருந்தது.

அந்த அறிவு செம்மையாகத் திரும்பி வந்தது செயல்வழிக் கற்றலில். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டை முறையைத் தழுவி, ஆணையர் எம். பி. விஜயகுமார் காலத்தில் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுவதும் பரவியது. சுவரில் கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படம், தட்டில் அட்டைகள், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியரின் முழு உதவி பெறும் குழுவில் தொடங்கி, சக மாணவர் உதவி, சுய கற்றல், மதிப்பீடு என ஆறு குழுக்கள். இதில் கவனிக்க வேண்டியது அட்டையின் படமோ வண்ணமோ அல்ல. அடுத்து என்ன செய்வது என்பதைப் பிள்ளை ஆசிரியரைக் கேட்காமலே அறிந்தாள். விடுப்புக்குப் பின் வந்தவள் விட்ட படியிலிருந்து தொடர்ந்தாள். தன் முன்னேற்றத்தைத் தானே ஏணியில் தொட்டுக் காட்ட முடிந்தது. பரிசுப் பொருள் எதுவும் தராத ஊக்கம் அது. நடைமுறையில் அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவராகச் சுருங்கிய பள்ளிகளும் உண்டு. குறைகள் உண்மை. அவற்றுக்காக ஏணியையே இழந்தது மிகை.

2022 ஜூன் 13 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘எண்ணும் எழுத்தும்’, கொரோனா கால இழப்பை ஈடுசெய்ய, முதல் மூன்று வகுப்புகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பகுத்தது. பாடலும் கதையுமாக ஆசிரியர் மீண்டும் வகுப்பின் நடுவே வந்தார். இது நன்மை. ஆனால் அடுத்த அடி இப்போது ஆசிரியர் கையேட்டில் இருக்கிறது, பிள்ளையின் கண்முன் இல்லை. ஆசிரியர் கைபேசிச் செயலியில் மதிப்பெண் பதியும் நேரத்தில் வகுப்பு மீண்டும் காத்திருக்கிறது.

எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வீட்டில் ஒடியா பேசும் சிறுமி கூட்டலும் கழித்தலும் அறிந்திருக்கலாம். வினா தமிழில் வாக்கியமாக வந்தால் அவள் அரும்பிலேயே நிற்பாள். நாம் அளப்பது கணக்கையா, தமிழையா? தமிழ் கற்பித்தல் சட்டம் 2006 தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அதில் எனக்கு மறுப்பில்லை. தமிழ் கற்பதற்கும், தமிழ் வரும்வரை கணக்கில் பின்தங்கியவள் என்று எண்ணப்படுவதற்கும் உள்ள தூரத்தையே சுட்டுகிறேன். தெரிந்ததை மறுபடி மறுபடி செய்யச் சொன்னால் எந்தக் கைதட்டலும் அவளை எழுப்பாது. 1973இல் உளவியலாளர்கள் லெப்பரும் கிரீனும் நிஸ்பெட்டும் பாலர் பள்ளியில் நடத்திய சோதனையில், பரிசு தருவதாகச் சொல்லி வரையச் செய்த குழந்தைகளுக்கு வரைவதில் இருந்த சொந்த விருப்பம் பின்னர் குறைந்தது. நட்சத்திர ஒட்டிகளை நம்பும் வகுப்பறைகளுக்கு இது எச்சரிக்கை.

பசியும் இடப்பெயர்வும் முதற்காரணங்கள் என்று எதிர்வாதம் வரும். பசிக்குக் காலை உணவுத் திட்டம் 2022 முதல் ஓரளவு பதில் தருகிறது. இடப்பெயர்வோ, ஏணியின் தேவையைக் கூட்டவே செய்கிறது: இடையில் வந்து இடையில் போகும் பிள்ளைக்குக் கையேட்டின் வாரத் திட்டம் பொருந்தாது. எனவே நிலைவாரிக் குழுக்களை வைத்துக்கொண்டே, கணக்குக்கு மட்டுமேனும் சொல் குறைந்த அட்டைகளைத் திரும்பக் கொண்டுவரலாம். நிலை அறியும் தேர்வை வீட்டுமொழியில் வாய்மொழியாக நடத்தலாம். தெலுங்குப் பாடநூல்களைத் தமிழக அரசே அச்சிடுகிறது. செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியா நூல்களைக் கொண்டு கற்பித்த முன்னனுபவமும் இம்மாவட்டத்திற்கு உண்டு. மூன்றாம் வகுப்பில் இரு மொழியும் அறிந்த பிள்ளை ஒருத்தி வினாவைப் படித்துச் சொன்னாலே போதும். தொடங்குவதற்குப் புதுப் பணியிடம் எதுவும் வேண்டியதில்லை.