நாவல் கிளை நட்டுப் பேசினவங்க

ரெண்டு வாரமா இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்விதான்: "ஏஐக்கு உணர்வு வருமா?" கேட்டவங்கள்ல பாதிப் பேர் மூணு மணி நேர ஆங்கில பாட்காஸ்ட் ஒண்ணைக் கேட்டுட்டு வந்தவங்கன்னு கேள்வியைப் பார்த்தாலே தெரியுது. ஒரு மேசை, ரெண்டு மைக், எதிர்ல ஒரு விஞ்ஞானி. கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சு, மூளைக்குப் போய், கடைசியில "வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்"ல வந்து நிக்கிற பேச்சு.

நம்ம நிகழ்ச்சி வரலாறு பேசுற நிகழ்ச்சி. சிலிக்கான்ல உணர்வு வருமா வராதான்னு தீர்ப்பு சொல்ற இடம் இது இல்ல. ஆனா உயிரில்லாத பொருள்களைச் சேர்த்தா அதுல இருந்து அறிவு பிறக்குமாங்கிற கேள்விக்குத் தமிழ்ல ரொம்ப நீளமான ஒரு வரலாறு இருக்கு. அதைக் கேட்டவங்க மூணு பெண்கள். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல் பெண் மணிமேகலை. சாத்தனாரோட காப்பியத்துல 27ஆம் காதையை எடுத்துக்குங்க. காலம் எதுன்னு ஆய்வாளர்களுக்குள்ள தகராறு தீரலை. 6ஆம் நூற்றாண்டை ஒட்டின்னு நிறையப் பேர் சொல்றாங்க. வஞ்சி நகரத்துக்குப் போற மணிமேகலை, அங்க இருக்கிற சமயவாதிகளை ஒவ்வொருத்தரா தேடிப் போய்க் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி. பத்து விருந்தாளிகள், ஒரே சீசன்!

போறதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு யோசனை சொல்லப்படுது. நீ இளம்பெண், வளையல் போட்ட கை. உனக்கு யாரும் ஆழமான பொருளைச் சொல்ல மாட்டாங்க, வேற உருவம் எடுத்துக்கோ. அவளும் ஒரு தவசியின் உருவத்துல போறாள். பேச்சுல உட்காரவே ஒரு பெண் ஆண் வேஷம் போடணும்னு காப்பியமே பட்டுன்னு சொல்லிடுது. இன்னைக்கு அறிவியல் பாட்காஸ்ட்ல விருந்தாளிகள் பட்டியலை எடுத்துப் பெண்கள் எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க.

அவ கேட்கிற முறை எனக்குப் பிடிக்கும். உன் கொள்கை என்ன, உன் நூல் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிறாள். குறுக்கே பேசறதில்ல. பெரும்பாலானவங்களை மறுக்கக்கூட இல்லாம அடுத்த ஆளிடம் போயிடறாள். முதல் ஆளே அளவைவாதிங்கிறது தற்செயல்னு நான் நினைக்கலை. அளவைன்னா ஒண்ணை நாம எப்படி அறிகிறோம்ங்கிற வழி. கண்ணால் காண்பது ஒரு அளவை, காரணம் வச்சு ஊகிப்பது ஒரு அளவை. வேதவியாசன் 10 அளவை சொல்கிறான், கிருதகோடி 8, சைமினி 6 என்று அந்த வாதி கணக்கு ஒப்பிக்கிறார். எது உண்மைங்கிறது பிறகு. முதல்ல உனக்கு எப்படித் தெரியும்னு சொல்லு. ஏஐ பத்தின இன்றைய சண்டைகள்ல நான் அதிகம் தேடுறது இதைத்தான்.

ஆசீவகன் வந்ததும் பேச்சு அணுவுக்குப் போகுது. நிலம், நீர், தீ, காற்று இந்த நாலோட உயிரும் ஒரு அணுங்கிறது அவங்க கொள்கை. தனி அணுவைச் சாதாரண மனுஷன் பார்க்க முடியாது, திரண்டால்தான் தெரியும். அதுக்கு ஒரு உவமை: மாலை மங்கின நேரத்துல ஒத்தை மயிர் கண்ணுக்குத் தெரியாது, மயிர்க்கற்றையா இருந்தா தெரியும். எந்தக் கருவியும் இல்லாத காலத்துல, கண்ணுக்குத் தெரியாததைப் பத்தி இவ்வளவு எளிமையா ஒரு வாதம்.

கடைசியா பூதவாதி. நம்ம எபிசோடோட நாயகன் இவர்தான். ஐம்பூதங்களைத் தவிர வேற எதுவும் இல்லைன்னு சொல்றவர். அப்படின்னா உணர்வு எங்க இருந்து வந்தது? தாதகிப் பூவையும் கட்டி வெல்லத்தையும் மற்றதையும் சேர்த்து வச்சா போதை பிறக்குதில்ல, அது மாதிரி பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்குதுங்கிறார். கூட்டம் கலைஞ்சா? அடிச்ச பறையோட ஓசை அடங்குற மாதிரி அடங்கிடும். இந்தப் பிறப்பும் இதுல கிடைக்கிற பயனும் மட்டும்தான் மெய். செத்த பிறகு வினைப்பயன்னு எதுவும் கிடையாது. வாழ்க்கையோட அர்த்தத்துக்கும் அதுலயே பதில் சொல்லி முடிச்சிட்டார்.

கல்வராயன் மலைப் பக்கம் இந்த உவமைக்கு உரை தேவையில்ல. ஊறல்னா என்னன்னு எங்க ஊர் ஆட்களுக்குத் தெரியும். வெல்லத்தைத் தனியா தின்னா போதை வராது, மரப்பட்டையைத் தனியா மென்னாலும் வராது. ரெண்டும் பானையில கிடந்து நாலு நாள் புளிக்கணும். (2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல கொன்ன பிறகு, இந்த உவமையை என்னால சிரிச்சுக்கிட்டு சொல்ல முடியலை. விஷயத்துக்கு வர்றேன்.) தனித்தனிப் பாகங்கள்ல இல்லாத ஒரு குணம் அவை சேர்ந்ததும் புதுசா தோணுது. நரம்புச் செல் ஒண்ணுக்குச் சிந்தனை கிடையாது, கோடிக்கணக்குல சேர்ந்தா சிந்தனை வருது. அப்ப போதுமான அளவு சிப்புகளைச் சேர்த்தாலும் வரலாமேன்னு இன்னைக்கு வாதிடுறவங்க எல்லாரும் பூதவாதியோட பங்காளிகள்தான்.

இதுக்கு எதிர்ப்பக்கம் இந்தியத் தத்துவம் முழுக்க ஒரு மறுப்பைத் திரும்பத் திரும்ப வைக்கும்: செத்த உடம்புலயும் அதே பூதங்கள் இருக்கே, அதுக்கு ஏன் உணர்வு இல்ல? மணிமேகலை அந்த வழியில போகலை. அவ தன் பழம்பிறப்பைப் பத்திப் பேச, பூதவாதி அதை மயக்கம், கனவுன்னு தள்ளுகிறார். இன்னைக்கு மாடல் ஒண்ணு பொய் சொன்னா நாம பயன்படுத்துற 'ஹாலுசினேஷன்' வார்த்தைக்குப் பக்கத்துல வர்ற குற்றச்சாட்டு அது. அப்ப அவ கேட்கிறாள்: காண்பது மட்டும்தான் அளவைன்னு சொல்றியே, உன் தாய் தந்தை யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஊகம் இல்லாம அதைத் தெரிஞ்சுக்க வேற வழி உண்டா?

ஒரே கேள்வி. உணர்வு எப்படிப் பிறக்குதுங்கிற புதிர் அதனால தீரலை. ஆனா "பார்த்ததை மட்டும்தான் நம்புவேன்"ங்கிற கட்சியோட கால் உடைஞ்சு போச்சு. 1950ல ஆலன் டூரிங், எந்திரம் சிந்திக்குமாங்கிற கட்டுரையில கையாண்டதும் இதுக்கு ரொம்ப தூரம் இல்ல. எதிர்ல இருக்கிற மனுஷனுக்கு உள்ளே உணர்வு இருக்குன்னு நாம நேரா பார்த்ததில்லை. பேச்சையும் நடத்தையையும் வச்சு ஒத்துக்கிறோம். எந்திரத்துக்கு மட்டும் ஏன் வேற அளவைங்கிறதுதான் அவரோட வாதம்.

இங்க தொல்காப்பியத்தோட மரபியலையும் ஒரு நிமிஷம் பார்க்கணும். புல்லும் மரமும் ஓரறிவு, அது தொடுவுணர்ச்சி. நத்தைக்குச் சுவை சேர்ந்து ரெண்டு. எறும்புக்கு மோப்பத்தோட மூணு. நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணோட நாலு. விலங்குக்குச் செவியோட அஞ்சு. மனுஷனுக்கு மனம், ஆறு. சமணர்களும் உயிர்களைத் தொடுதல், சுவை, மோப்பம், பார்வை, கேள்வின்னு இதே வரிசையிலதான் அடுக்குகிறார்கள். இந்த ஏணியில சாட்பாட்டை எங்க வைப்பீங்க? மேல் படியில நின்னு மனசு, அறம், மரணம்னு பேசுது. அடிப் படியான தொடுதல் அதுக்கு இல்ல. ஒரு புல்லுக்கு இருக்கிற அறிவு இல்லாம ஆறாவது படியோட பேச்சைப் பேசுற ஒண்ணு வரும்னு அந்த ஏணியைக் கட்டினவங்க எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்ல. எனக்கு இதுல இன்னும் முடிவு இல்ல, உங்க யோசனையை எழுதி அனுப்புங்க.

ரெண்டாவது பெண் குண்டலகேசி. பௌத்தக் கதை மரபுல இவ ஊர் ஊரா போவாள். ஊர் வாசல்ல மணலைக் குவிச்சு ஒரு நாவல் கிளையை நட்டு வைப்பாள். யாருக்காவது வாதம் பண்ணத் துணிச்சல் இருந்தா அந்தக் கிளையை மிதிக்கணும். சாரிபுத்தர் வந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டு, "ஒன்று என்பது என்ன?"ன்னு திருப்பிக் கேட்டதுல இவ நின்னுட்டாள், பௌத்தத்துல சேர்ந்தாள்னு கதை. இவளை வச்சு நாதகுத்தனார் எழுதின காப்பியம் ஐம்பெருங்காப்பியத்துல ஒண்ணு. கிடைச்சது 19 பாட்டுன்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க.

மூணாவது நீலகேசி. பேயா இருந்தவள். சுடுகாட்டுல தவம் பண்ணிக்கிட்டிருந்த முனிச்சந்திரர்ங்கிற சமண முனிவரைப் பயமுறுத்தப் போய், அவர்கிட்டயே சமணம் கேட்டுக்கிட்டு, அப்புறம் மற்ற சமயத்தாரோட வாதாடக் கிளம்பினவள். மணிமேகலை மாதிரி இவ கேட்டுட்டு மட்டும் போறவ கிடையாது. ஒவ்வொரு புள்ளியா பிரிச்சு மேய்வாள். 894 பாட்டு, 10 சருக்கம். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி என்று போய் இங்கேயும் கடைசிச் சருக்கம் பூதவாதம். ரெண்டு காப்பியமும் ஒண்ணுக்கொண்ணு எதிர்க்கட்சி. இருந்தும் ரெண்டுலயும் கடைசி நாற்காலி பூதவாதிக்குத்தான்.

இப்ப எங்க ஊர்ப் பக்கம் வர்றேன். களமருதூர் இருக்கிற அதே உளுந்தூர்ப்பேட்டை தாலுகாவுல திருநறுங்குன்றம் இருக்கு. பழைய பேர் திருநறுங்கொண்டை. பாறை மேல பார்சுவநாதர் கோயில், அப்பாண்டைநாதர்னு சொல்லுவாங்க. இன்னைக்கும் தமிழ்ச் சமணர்கள் வந்து கும்பிடுற இடம். பலரும் நெடுஞ்சாலையில திருச்சிக்குப் போற வேகத்துல இதைத் தாண்டிப் போயிடறாங்க. குணபத்திரர்ங்கிற ஆசிரியரோட பேர் இந்த மலையோட சேர்ந்தது. அவரோட மாணவர் மண்டலபுருடர்தான் சூடாமணி நிகண்டு எழுதினவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணின அகராதி அது; 12 தொகுதி, அகரவரிசை கிடையாது. பொருளால் பக்கத்துல வர்ற சொற்கள் ஒரே இடத்துல கிடக்கும். இன்றைய மொழி மாடல்களும் ஒரு சொல்லை அதோட அக்கம்பக்கத்தை வச்சுத்தான் பிடிக்குதுங்கிறதால, நிகண்டைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

கிழக்கே கடலூர்ப் பக்கம் போனா இன்னும் பெரிய விஷயம். கி.பி. 458ல பாடலிகைங்கிற ஊர்ல, சர்வநந்திங்கிற சமண முனிவர் 'லோகவிபாகம்'னு ஒரு நூலை முடிச்சார். காஞ்சி அரசன் சிம்மவர்மனோட 22ஆம் ஆட்சியாண்டு, சக வருஷம் 380ன்னு அந்த நூலே சொல்லுது. அந்த ஊர் இன்றைய திருப்பாதிரிப்புலியூர்னு அடையாளம் காட்டியிருக்காங்க. பிரபஞ்சத்தோட அமைப்பு பத்தின நூல். அதுல எண்கள் சுழியத்தோட, இடமதிப்பு முறையில சொற்களா எழுதப்பட்டிருக்கு. தேதி உறுதியா தெரிஞ்ச நூல்கள்ல அந்த முறைக்கு இது மிகப் பழைய சான்றுகள்ல ஒண்ணு. இன்னைக்கு எந்த ஏஐயும் அந்தச் சுழியம் இல்லாம ஓடாது.

இதே பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிலதான் திருநாவுக்கரசர் தருமசேனரா இருந்தார்னு பெரியபுராணம் சொல்லுது. அவர் சைவத்துக்குத் திரும்பினார், பல்லவ அரசனும் மாறினான். அப்புறம் அந்த அரசன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடிச்சு, அதைக் கொண்டு வந்து திருவதிகையில குணபரவீச்சரம் கட்டினதா சேக்கிழாரே பாடியிருக்கார். நாவல் கிளையை மிதிக்கிறது ஒரு விதமான முடிவு. எதிராளியோட பள்ளிக்கூடத்தைப் பெயர்த்து எடுக்கிறது வேற. சர்வநந்தி பிராகிருதத்துல எழுதின மூலம் இன்னைக்கு நம்மகிட்ட இல்ல; சிம்மசூரி சமஸ்கிருதத்துல மாத்தி எழுதினதாலதான் அந்தத் தேதியே நமக்குத் தெரியும்.

குண்டலகேசி தப்பிச்ச கதை இன்னும் விசித்திரம். அதை மறுக்க எழுதின நூல் நீலகேசி. அதுக்குச் சமய திவாகர வாமன முனிவர் உரை எழுதினார். தன் பக்கம் எந்தப் பாட்டுக்குப் பதில் சொல்லுதுன்னு காட்டணுமே, அதுக்காக எதிர்நூலோட பாட்டுகளின் தொடக்கச் சொற்களை உரையில குறிச்சு வச்சார். 1936ல அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை அந்த உரையோட அச்சில் கொண்டு வந்தார். காணாமப் போன ஒரு பௌத்தக் காப்பியத்தோட சுவடு, அதைத் தோற்கடிக்க வந்த சமண நூலுக்குள்ள கிடைக்குது.

ஆசீவகர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்ல. அவங்க எழுதின நூல் ஒண்ணுகூட நம்ம கைக்கு வரலை. மயிர்க்கற்றை உவமைகூட ஒரு பௌத்தக் கவிஞர் அவங்க வாயில வச்சது. இன்னைக்கு நீங்க எந்த ஏஐகிட்ட ஆசீவகம் பத்திக் கேட்டாலும், அது படிச்சது பௌத்தரும் சமணரும் எழுதி வச்சதும், அதை வச்சு பின்னாடி வந்தவங்க ஆராய்ஞ்சதும்தான். பதில் மட்டும் ரொம்பத் தெளிவா, ஒரு ஆசீவகரே எதிர்ல உட்கார்ந்து சொல்ற தொனியில வரும். அப்ப அதுகிட்ட அளவைவாதியோட கேள்வியைக் கேட்டுப் பாருங்க: உனக்கு இது எப்படித் தெரியும்?

மணிமேகலையும் நீலகேசியும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல இலவசமா இருக்கு. மணிமேகலையை 27ஆம் காதையில இருந்தே ஆரம்பிக்கலாம், ஒரு பிரச்சினையும் இல்ல. பூதவாதி வர்றது அதோட கடைசிப் பகுதியில.