தாளில் நிற்கும் உரிமை

ஊரில் நிலவரி கட்டியவர் எவருக்கும் வருவாய் ஆண்டைக் குறிக்கும் பசலி புதிய சொல்லன்று. 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. இனாம், ஜமாபந்தி, வாரிசு, நகல், ஜப்தி எனத் தாலுகா அலுவலகத்தில் நாம் அன்றாடம் புழங்கும் சொற்களின் பழைய கையெழுத்தைக் காண விரும்புவோர் ஹைதராபாத்தின் தார்னாக்காவுக்கு வர வேண்டும்.

அங்குள்ள தெலங்கானா மாநில ஆவணக் காப்பகத்தில் பாமினி சுல்தான் ஃபிரோஸ் ஷா 1406இல் பிறப்பித்த ஃபர்மான் என்னும் அரசாணை இருக்கிறது. ஷாஜகான், ஔரங்கசீப் காலத்துத் தக்காண ஆவணங்கள் மட்டும் ஏறத்தாழ 1,55,000. பெரும்பாலானவை பாரசீகத்தில், ஷிகஸ்தா என்னும் விரைவெழுத்தில் எழுதப்பட்டவை. அதில் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்; புள்ளிகள் விடுபட்டிருக்கும். பழகாத கண்ணுக்கு அது வெறும் கொடிக்கோலம்.

இவற்றுள் ‘அர்ஸ் ஓ செஹ்ரா’ என்னும் படைவீரர் பதிவுத் தாள்கள் நெஞ்சைத் தொடுபவை. வீரனின் பெயர், தந்தை பெயர், நிறம், நெற்றி, புருவம், மச்சம், தழும்பு. அடுத்து அவன் குதிரையின் அடையாளமும் சூட்டுக்குறியும். கணக்கெடுப்பு நாளில் இரவல் ஆளையும் இரவல் குதிரையையும் நிறுத்திச் சம்பளம் பெறுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. மோசடிக்கு அஞ்சி எழுதிய தாளில், எந்த வரலாற்று நூலும் பெயர் சொல்லாத ஒருவனின் முகம் முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

நிலக்கொடைப் பத்திரங்களான சனதுகளின் கதை இன்னும் முடியவில்லை. ஹைதராபாத்தில் 1949இல், நிலவருவாயை மானியமாக அளிக்கும் ஜாகிர் முறை ஒழிந்தது. 1955இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. யாருக்கு எந்த நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி எழும்போதெல்லாம் பழைய தாள்களே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழருக்கு இதில் என்ன பங்கு? ஆற்காட்டு நவாபுகள் நிஜாமின் தக்காண சுபா என்னும் மாகாணத்துக்கு உட்பட்டவர்களாகக் கருதப்பட்டவர்கள். நம் நாட்டு வருவாய் நிர்வாகத்தின் ஒரு வேர் இந்த மண்ணில் ஓடுகிறது. தஞ்சை மராட்டியரின் மோடி எழுத்து ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டது. அரண்மனை வாழ்வும் ஊர்க்கணக்கும் நம் மொழியிலேயே படிக்கக் கிடைத்தன. பாரசீக ஆவணங்களுக்கும் அந்த உழைப்பு தேவை. தாளைச் செல்லரிக்காமல் காப்பது பாதி வேலைதான். படிக்கத் தெரிந்தவர் இல்லாத ஆவணம் பத்திரமாக இருந்தும் ஊமையே. ஹைதராபாத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பாரசீகச் சொற்கள் கலந்த உருதுவின் ஓசை தெருவிலேயே பழகியது. அவர்களில் சிலரேனும் ஷிகஸ்தா கற்க முன்வரட்டும். பசலியின் பாட்டன் வீட்டுக்கதவு அவர்களுக்குத் திறக்கும்.