ரயில் ஓடாத ஊரின் ரயில்காரர்கள்

மஞ்சக்குட்டை, ஏற்காடு பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு இலைத்துரு நோயைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலையின் அடிப்புறம் ஆரஞ்சு நிறப் பொடி படரும். பிறகு இலை உதிரும், செடி மொட்டையாகும், காய்ப்பு படுத்துவிடும். சேர்வராயன் மலையில் காப்பி வேர்பிடித்தது 1820களில், எம். டி. காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது. அந்த மலைக்கு அப்பால், கடல் கடந்து இலங்கையில், இந்த நோய் 1869இல் முதன்முதலாகப் பதிவானது. இருபது வருடத்தில் அந்தத் தீவின் காப்பித் தொழிலையே அது அழித்துவிட்டது.

சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளை நம்பி அங்கே போயிருந்த கூலிக் குடும்பங்கள் தேயிலைக்கு மாறின. துரைமார்களில் ஒரு பகுதியினர் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். தோட்டம் போடவும், சாலை, ரயில் பாதைக் குத்தகை எடுக்கவும் அங்கே இடமிருந்தது. இலங்கை அரசுப் பணியில் பழகிய வெள்ளை அதிகாரிகளும் பொறியாளர்களும் அதே வழியில் போனார்கள். அவர்களுக்குக் கணக்கெழுத, நில அளவை செய்ய, தந்தி அடிக்க, ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்த இடங்களை நிரப்பியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் யாழ்ப்பாணத்து இளைஞர்கள்.

ஏன் யாழ்ப்பாணம்? காரணம் பள்ளிக்கூடம். அமெரிக்க மிஷன் 1816இலேயே அங்கே வந்து இறங்கியது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி திறந்தது. அங்கே ஆங்கிலத்தோடு கணிதமும் வானியலும் கற்பித்தார்கள். வெஸ்லியன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கப் பள்ளிகள் போட்டியாக எழுந்தன. பின்னர் சைவர்களும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை உருவாக்கினார்கள். ஒரு சின்னத் தீபகற்பத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் குவிந்துவிட்டார்கள், அத்தனை பேருக்கும் உள்ளூரில் வேலை இல்லை. புகையிலையும் பனையும் எத்தனை மகன்களைத் தாங்கும்? கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (கவர்ன்மெண்டில்) மேய்க்க வேணும் என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் இன்றும் உண்டு. அரசாங்கச் சம்பளமும் பென்சனும் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிய காலத்துப் பேச்சு அது.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. நீளம் எட்டு மைல்தான். அதை அமைக்க இலங்கையிலிருந்து பயோனியர் படையினரைக் கொண்டுவந்திருந்தார்கள். மறு ஆண்டு கிள்ளான் பக்கமிருந்து கோலாலம்பூருக்கு ரயில் வந்தது. இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் 1891இல் சிலாங்கூர் பொறியாளராக வந்தார், 1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்குத் தலைமை மேலாளரானார். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களின் வேலைத்திறனை இலங்கையிலேயே பார்த்தவர் அவர். அவர் காலத்தில் ரயில்வே அலுவலகங்களும் ஸ்டேஷன்களும் யாழ்ப்பாணத்தாரால் நிறைந்தன.

இதில் ஒரு வியப்பு உண்டு. யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்குள் ரயில் வந்ததே 1902இல்தான், காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே. கொழும்போடு அது இணைந்தது 1905இல். அதற்கு முன்பே புறப்பட்டுப் போனவர்கள், சொந்த மண்ணில் ஒரு தண்டவாளத்தைக்கூடப் பார்க்காமல் போய் அந்நிய நாட்டின் ரயிலை ஓட்டுவித்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஆங்கிலம், கணக்கு, நல்ல கையெழுத்து. மோர்ஸ் தந்தியையும் டிக்கெட் கணக்கையும் சரக்குச் சீட்டையும் வேலையில் சேர்ந்தபின் கற்றுக்கொண்டார்கள். முதலில் போன அண்ணன் வேலையில் ஊன்றிக்கொண்டு தம்பிக்குக் கடிதம் போடுவான். பிறகு மச்சான் வருவான், ஊர்க்காரன் வருவான். இன்று பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் போகும் மென்பொருள்காரருக்கும் இந்த வழி தெரிந்ததுதான்.

கோலாலம்பூரில் அவர்கள் கூடி வாழ்ந்த இடங்களில் முக்கியமானது பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில்வே குவார்ட்டர்ஸ், பக்கத்தில் ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோயில், ஊர்ச் சங்கங்கள் என்று ஒரு குட்டி யாழ்ப்பாணமே அங்கே எழுந்தது. சம்பளத்தில் ஒரு பங்கு மணியார்டராக ஊருக்குப் போனது. அந்தப் பணத்தில் கல்வீடு எழுந்தது, காணி வாங்கப்பட்டது, தங்கைக்குச் சீதனம் சேர்ந்தது, படித்த பள்ளிக்கு நன்கொடையும் போனது. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ‘சிங்கப்பூர் பென்சனியர்’ கிராமத்தில் தனி மரியாதை பெற்றார்.

அதே மலாயாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலின் மேல்தளத்தில் நெருக்கியடித்துப் போன தமிழர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ரப்பர் தோட்டத்து லயம். பேசிய மொழி ஒன்று, கும்பிட்ட முருகன் ஒருவன். ஆனால் குமாஸ்தா ஐயாவும் பால் வெட்டும் கூலியும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. படிப்பும் சாதியும் இந்தப் பிரிவினையைக் காத்தன. இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் பிரிவைத் தாண்டி நின்ற ஒருவர் இந்தக் குடியேற்றத்திலிருந்தே வந்தார். 1898 மார்ச் 31ஆம் தேதி ஈப்போவில் பிறந்து, சிறுவனாகவே தெல்லிப்பளைக்குத் திரும்பிய எஸ். ஜே. வி. செல்வநாயகம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியபோது அவர் அதை எதிர்த்தார். தமிழ்க் காங்கிரசிலிருந்து வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

மலாயாவில் அதற்குள் நிலைமை மாறியிருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அரசுத் துறைகள் ஆட்குறைப்புச் செய்தன. அரசுப் பணியில் மலாய்க்காரர்களுக்கு முன்னுரிமை என்ற கொள்கையும் வலுத்தது. தங்கள் நாட்டில் அவர்கள் அதைக் கேட்டதில் நியாயம் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக யாழ்ப்பாணத்துப் பையன்களுக்கு விரியத் திறந்திருந்த கதவு ஒருக்களித்துக்கொண்டது. 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போனதும் ஊருக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. மலாயாச் சம்பளத்தை நம்பிய வீடுகள் 1945 வரை கடிதமும் இல்லாமல் காத்திருந்தன.

போருக்குப் பின் பலர் ஊர் திரும்பினார்கள். அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள் வேறு உயரங்களுக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். பிரிக்ஃபீல்ட்ஸில் 1938இல் பிறந்த ஆனந்த கிருஷ்ணன் தொலைபேசி, செயற்கைக்கோள் தொழில்களில் மலேசியாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார்.