சொல்லின் பொருள் தெரிந்தால் கைப்பொருள் தப்பும்

வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. அதன் வாசலைக் கடந்து தினமும் பஸ்ஸில் போகும் நம்மவர்கள் எல்லோரிடமும் கைத்தொலைபேசி உண்டு. ஆனால் 'லிங்க்', 'சேர்வர்', 'ஓடிபி' என்ற சொற்களை வாயால் சொல்பவர்களில் பலருக்கு அவை செய்யும் வேலை தெரியாது. மோசடிக்காரன் நுழையும் இடைவெளி அதுதான். நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற ஒரு சாதாரண ஆசிரியர். மாணவர்களின் உம்மாமாரும் வாப்பாமாரும் என்னிடம் அடிக்கடி விளக்கம் கேட்கும் சொற்களை இங்கே தருகிறேன்.

இணையம்: உலகெங்குமுள்ள கணினி வலையமைப்புகளை ஒன்றாகத் தொடுத்த பெருவலையமைப்பு. நமது போனிலிருந்து கோபுரம் வரை வானலை. அதற்கப்பால் பெரும்பாலும் கேபிள். மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 அத்தகைய கடலடிக் கேபிள்களில் ஒன்று. இணையத்தை மட்டக்களப்பு - திருகோணமலை வீதி போல எண்ணிக்கொள்ளுங்கள். பஸ், லொறி, சைக்கிள் எல்லாம் ஒரே வீதியில் போவதுபோல வட்ஸ்அப், மின்னஞ்சல், இணையத்தளங்கள் யாவும் இதில் போகின்றன.

உலாவி, தேடுபொறி: குரோம் ஓர் உலாவி, நாம் ஏறிச் செல்லும் வாகனம். கூகுள் தேடுபொறி சந்தியில் நின்று வழி சொல்பவர். அவர் முதலில் காட்டும் கடை, காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாகவும் இருக்கலாம்.

லிங்க்: தொட்டவுடன் ஓர் இணைய முகவரிக்குக் கொண்டுபோகும் இணைப்பு. முகவரியில் எங்கோ ஓரிடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் போதாது. 'வங்கி.பரிசு.கொம்' என்று இருந்தால் அதன் சொந்தக்காரர் 'பரிசு.கொம்' வைத்திருப்பவரே. பக்கத்தில் தெரியும் பூட்டுப் படம், தகவல் போகும் வழியில் பிறர் படிக்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது.

சேர்வர், முகில்: கேட்ட தகவலை எடுத்துக் கொடுப்பதற்காக எந்நேரமும் இயங்கும் கணினி சேர்வர். 'முகில்' என்பது நமது படங்களும் ஆவணங்களும் வேறொரு நிறுவனத்தின் சேர்வரில் இருப்பதுதான். போனில் அழித்த குடும்பப் படத்தின் பிரதி அங்கே மிஞ்சியிருக்கலாம்.

ஓடிபி: ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் கடவுச்சொல். "தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்கம் வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள் மாமி" என்று தெரிந்தவர் பெயரில் செய்தி வந்தால், அந்த இலக்கம் உங்கள் வட்ஸ்அப் கணக்கின் திறப்பாக இருக்கலாம். கொடுத்தால் கணக்கு அவர் கைக்குப் போகும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் உறவினரிடம் காசு கேட்பார். வங்கி அனுப்பும் ஓடிபியும் அப்படித்தான். வங்கி ஊழியர் என்று சொல்பவருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது.

2006 முதல் இயங்கும் இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவிடம் முறையிடலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் உண்டு. ஆனால் முறைப்பாடு முடியும்வரை, வெளிநாட்டில் உழைத்து மகன் அனுப்பிய காசு காத்திருக்காது.

எனவே வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். வட்ஸ்அப் அமைப்புகளில் 'கணக்கு' என்பதற்குள் உள்ள இருபடிச் சரிபார்ப்பை உம்மாவின் போனில் இன்றிரவே போட்டுக் கொடுக்கட்டும். அது ஏன் என்பதையும் உம்மாவுக்கு விளங்கச் சொல்லட்டும்.