குரு வணக்கத்தின் பொருளும் கிளிநொச்சிக் களஞ்சியக் காப்பாளரும்

வன்னியின் சைவ ஆலயங்களிலும் அறநெறிப் பாடசாலைகளிலும் குருவை வணங்கும் வடமொழிச் சுலோகங்கள் ஓதப்படுவதை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். ஓதுபவர்களிற் பலர் அவற்றை மனனம் செய்தவர்கள். கேட்பவர்களிற் பலருக்குப் பொருள் தெரியாது. பொருள் தெரியாத வணக்கம் காலப்போக்கில் ஒரு மனிதரைப் புகழும் முகத்துதியாகிவிடுகிறது. இச்சுலோகங்கள் உண்மையில் எதனை வணங்குகின்றன என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அவற்றின் சொற்களைப் பார்ப்பது. மற்றையது, கிளிநொச்சியில் வேலை பார்த்த ஒரு மனிதரின் வரலாற்றைப் பார்ப்பது.

பரவலாக ஓதப்படும் சுலோகங்களிற் சில, கந்த புராணத்தின் வடமொழி மூலமான ஸ்காந்தத்தைச் சார்ந்ததாகக் கொள்ளப்படும் குரு கீதையில் உள்ளவை. சிவபெருமான் உமையம்மைக்கு உபதேசிப்பதாக அந்நூல் அமைந்துள்ளது. அவற்றுள் மிகவும் பிரபலமானது குருவை மும்மூர்த்திகளாகவும் ஈற்றில் பரம்பொருளாகவும் போற்றுகிறது. அறிவைத் தோற்றுவித்து, அதனைக் காத்து, அறியாமையை அழிப்பதால் முத்தொழிலும் குருவினிடத்தில் உண்டென்று உரைகாரர் விளக்குவர். தம்மைக் கடவுளென்று சொல்லிக்கொள்ளும் மனிதர்கள் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதும் இதனையே.

அடுத்த சுலோகத்தைப் பார்த்தால் அந்த மயக்கம் நீங்கும். அதன் முக்கியமான சொற்கள் மூன்று: திமிரம், அஞ்சனம், சலாகை. திமிரம் என்பது இருள். ஆயுள்வேதத்தில் அது ஒரு கண்நோயின் பெயருமாகும். அஞ்சனம் கண்ணுக்கு இடும் மை. சலாகை அந்த மையைத் தீட்டும் சிறு கோல். அறியாமை என்னும் நோயாற் பார்வை இழந்தவனுக்கு ஞானமாகிய மையைத் தீட்டிக் கண்ணைத் திறந்தவர் என்று குரு அங்கே வணங்கப்படுகிறார். அதாவது, குரு ஒரு கண் வைத்தியர். வைத்தியர் நோயாளிக்குப் புதிய உலகத்தைப் படைத்துக் கொடுப்பதில்லை. முன்பே இருக்கும் உலகத்தைக் காணச் செய்கிறார். கண் தெளிந்த பின்னரும் நோயாளியைத் தம் வாசலிலேயே இருத்தி வைப்பவர் நல்ல வைத்தியரும் அல்லர்.

இலக்கணமும் இதற்குச் சான்றாகும். ‘குருப்யோ நமஹ’ என்பதில் வரும் ‘குருப்யோ’ பன்மை. ‘குருமார்களுக்கு’ என்பது பொருள். அவ்வணக்கம் ஒருவரோடு நில்லாது அவருக்கு முந்திய பரம்பரை முழுவதையும் சேர்கிறது. மேற்சொன்ன சுலோகங்களில் ‘தஸ்மை’, அதாவது ‘அவருக்கு’, என்ற சொல்லே வருகிறது. யாருடைய பெயரும் இல்லை. குரு என்ற சொல்லின் ஆதிப் பொருள் ‘கனமானது’ என்பது மொழியியலாளர் கருத்து. ‘கு’ இருள், ‘ரு’ அதை நீக்குவது என்பது சமய மரபு தந்த விளக்கம்.

தமிழ்ச் சைவ சித்தாந்தமும் இதனையே வேறு உவமையாற் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில், வேடர்களிடையே வளர்ந்து தன் குலத்தை மறந்த அரசகுமாரனைப் போல உயிர் ஐம்புலன்களிடையே தன்னை மறந்து கிடக்கிறது. இறைவனே குருவாக வந்து அது யாரென்பதை அதற்கு உணர்த்துகிறான்.

இனிக் கிளிநொச்சிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கு நடைபெற்ற நீர்ப்பாசன வேலைகளில் களஞ்சியக் காப்பாளராக ஓர் இளைஞர் பணியாற்றினார். 1872இல் மாவிட்டபுரத்திற் பிறந்த அவரே பின்னாளில் யோகர் சுவாமிகள் எனப் போற்றப்பட்டவர். நல்லூர்த் தேரடியில், ஊரார் விசரன் என்று ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகள் அவரைக் கண்டு, ‘யாரடா நீ’ என்று அதட்டியதாக மரபு கூறுகிறது. அந்தக் கேள்வி, வேடரிடையே வளர்ந்த அரசகுமாரனிடம் கேட்கப்பட்ட கேள்வியே. களஞ்சியத்துத் திறப்புகளைக் கையளித்துவிட்டு அவர் குருவின் பின்னே போனார்.

செல்லப்பர் தந்த மகாவாக்கியங்கள் நான்கும் பேச்சுத் தமிழில் அமைந்தவை. பொல்லாப்பு எதுவும் இல்லை, காரியம் எப்போதோ முடிந்துவிட்டது, நாம் அறியோம், முழுவதும் உண்மை என்பன அவற்றின் கருத்து. யோகர் 1964இல் மறைந்தார். அவர் வழிவந்த சிவதொண்டன் நிலையத்தில் வழிபாட்டுக்குரியவையாக இருப்பவை திருவடிகள். 1949இல் அவரைச் சந்தித்த அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமிகள் பின்னர் ஹவாயில் ஓர் ஆதீனத்தையே நிறுவினார்.

பொல்லாப்பு எதுவும் இல்லை என்ற வாக்கை இன்றைய வன்னியில் எவ்வாறு சொல்வது? 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தது. அதன்பின் மக்கள் முள்ளிவாய்க்கால் வரை துரத்தப்பட்டனர். மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது உயிர் தப்பியோர் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பிள்ளையின் கதி தெரியாமல் வீதியோரத்தில் படத்துடன் அமர்ந்திருக்கும் தாயிடம் அந்த வாக்கியத்தை ஆறுதலாகச் சொல்பவர் அவளுக்கு அநீதி செய்கிறார். அது குரு தம் சீடனின் கண்ணைத் திறக்கச் சொன்னது. பிறர் துன்பத்துக்கு முன்னால் நம் கண்ணை மூடிக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டதன்று. மருந்து ஒன்றுதான், யாருக்கு, எப்போது என்பதை அறிந்து கொடுப்பவரே வைத்தியர்.

இழப்புகளால் நொந்துபோன சமூகத்தில் ஆறுதல் விற்பவர்கள் எளிதில் நுழைந்துவிடுவார்கள். ஆகையால் அறநெறிப் பாடசாலையில் குரு வணக்கத்தை மனனம் செய்யும் பிள்ளைக்குத் திமிரம், அஞ்சனம், சலாகை என்ற மூன்று சொற்களின் பொருளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாளை ஒருவர் அதன் முன்னே வந்து தம்மை வணங்கும்படி கேட்டால், அவர் கையில் மைக்கோல் இருக்கிறதா, உண்டியல் இருக்கிறதா என்று அந்தப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.