வேலி போன மைதானமும் மே மாதத்து வெற்றியும்

மே மாதம் வந்தால் இங்கிலாந்தில் கால்பந்துப் பருவம் முடிவுக்கு வரும். அந்த நாட்களில், கோப்பையோ பதக்கமோ கிடைக்காத ஓர் ஆட்டம் முடிந்ததும் உள்ளூர் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கேலரியை விட்டு இறங்கிப் புல்தரையை நிறைத்துவிடுவதைப் பார்க்கலாம். அது பிளே-ஆஃப் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்குப் பிளே-ஆஃப் என்றால் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்று. இங்கிலாந்தில் கதை வேறு. சாம்பியன் யார் என்பது புள்ளிப் பட்டியலிலேயே முடிந்துபோயிருக்கும். மேல் டிவிஷனுக்கு நேரடியாக ஏறும் வாய்ப்பை நழுவவிட்ட நான்கு அணிகள், மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்காக மோதுவதே அங்கே பிளே-ஆஃப். அரையிறுதியில் வென்ற அணிக்கு இறுதி ஆட்டம் இன்னும் பாக்கி. அப்படியிருந்தும் ஊர் கோப்பையை வென்றது போலக் கொண்டாடுகிறது. இதைக் காலித்தனம் என்று ஒரு சாராரும், தலைமுறை தலைமுறையாக வந்த கால்பந்துப் பற்று என்று இன்னொரு சாராரும் சொல்வார்கள். இரு தரப்பும் இதை ரசிகரின் சுபாவமாகவே பார்க்கின்றன. வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. 1985-க்கும் 1991-க்கும் இடையே நிர்வாகிகளும் அரசும் எடுத்த சில முடிவுகள்தான், அவர்கள் நினைத்தும் பார்க்காத இந்த வழக்கத்தை உண்டாக்கின.

மேல் டிவிஷனில் இடம் பிடிக்கத் தனியாக ஓர் ஆட்டம் வைக்கும் யோசனை பழையது. 1888-ல் 12 கிளப்புகளோடு தொடங்கிய ஃபுட்பால் லீக், 1892-ல் இரண்டாம் டிவிஷனைச் சேர்த்தது. 1893 முதல், மேல் டிவிஷனின் கடைசி அணிகளும் கீழ் டிவிஷனின் முதல் அணிகளும் ‘டெஸ்ட் மேட்ச்’ என்ற பெயரில் மோதின. முதல் மூன்று ஆண்டுகள் பொதுவான மைதானத்தில் ஒரே ஆட்டம்; பிறகு நான்கு அணிகள் கொண்ட சிறு லீக். 1898-ல் ஸ்டோக், பர்ன்லி இரண்டு அணிகளுக்கும் கடைசி ஆட்டத்தில் டிரா செய்தாலே போதும் என்ற நிலை. கோல் போட இரு அணிகளுமே மெனக்கெடவில்லை, ஆட்டம் 0-0. இரண்டும் மேல் டிவிஷனில் இடம்பிடித்தன. பார்க்க வந்தவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த பருவத்திலிருந்து டெஸ்ட் மேட்ச் ஒழிந்து, பட்டியலில் நிற்கும் இடத்தை வைத்தே ஏற்ற இறக்கம் என்றானது. கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் அதுவே நியாயம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பிளே-ஆஃபை ரசிகர்களின் பரம்பரைச் சொத்து என்று சொல்ல முடியாது என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி.

அது திரும்பி வந்ததற்குக் காரணம் பணமுடை. 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களைப் பார்க்க 4.1 கோடிப் பேர் வந்தார்கள். 1985-86-ல் அந்த எண்ணிக்கை 1.65 கோடியாகச் சரிந்தது. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டு மைதானத்தில் பிடித்த தீயில் 56 பேர் இறந்தார்கள். அதே மாதம் 29-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்தார்கள். ஆங்கிலக் கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. அந்த ஆண்டின் இறுதியில் ஹீத்ரோவில் கூடிய கிளப் நிர்வாகிகள் போட்ட உடன்பாட்டில், முதல் டிவிஷனை 22 அணிகளிலிருந்து 20 ஆகக் குறைப்பதும், அதற்கான இடைக்கால ஏற்பாடாக இரண்டு பருவங்களுக்குப் பிளே-ஆஃப் நடத்துவதும் இருந்தன. பட்டியலின் நடுவில் நிற்கும் அணிகளுக்கு மார்ச், ஏப்ரலில் ஆடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும், டிக்கெட் விற்கும் என்பது கணக்கு. கணக்கு பலித்தது, இரண்டு பருவ ஏற்பாடு நிரந்தரமானது.

முதல் இரண்டு பருவங்களில் பிளே-ஆஃபின் முகம் வேறாக இருந்தது. மேல் டிவிஷனில் தள்ளாடும் ஓர் அணியும் அதில் ஆடியாக வேண்டும். தோற்றால் கீழே இறங்க வேண்டும். 1988 மே 28 அன்று ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சி பிளே-ஆஃப் இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தை 1-0 என்று வென்றும், முதல் ஆட்டத்தில் 2-0 என்று தோற்றிருந்ததால் மிடில்ஸ்பரோவிடம் தன் இடத்தை இழந்தது. செல்சி ரசிகர்கள் களத்துக்குள் புகுந்து வெளியூர் ரசிகர்களைத் தாக்கினார்கள். தண்டனையாக, அடுத்த பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களுக்கு அந்த மைதானத்தின் நின்று பார்க்கும் கேலரிகள் மூடப்பட்டன. 1989 முதல் மேல் டிவிஷன் அணி விலக்கப்பட்டது. ஏறத் துடிக்கும் நான்கு அணிகள் மட்டும் ஆடின. தோற்றாலும் இருக்கும் இடம் போகாது. இந்தச் சிறு மாற்றம் ஆட்டத்தின் உணர்ச்சியையே திருப்பியது. மறுப்பாக 1990-ஐ ஒருவர் எடுத்துக்காட்டலாம். அந்த ஆண்டு அரையிறுதியில், யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை என்ற நிலையிலும், சண்டர்லேண்டிடம் சொந்த ஊரில் தோற்றுக்கொண்டிருந்தபோது நியூகாசில் ரசிகர்கள் களத்தில் இறங்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார்கள். உண்மைதான். ஆனால் அக்கம்பக்கத்து ஊர்களான அவ்விரண்டுக்கும் இடையிலான பகை பிளே-ஆஃபுக்கு வெகுகாலம் முந்தியது. பிளே-ஆஃபில் களம் இறங்குவது என்றால் பெரும்பாலும் தோற்றவரின் கோபம் என்றிருந்தது போய், வென்றவரின் களிப்பு என்றானது அதற்குப் பிறகுதான்.

அதே 1990-ல் இன்னொரு முடிவு எடுக்கப்பட்டது. அதுவரை இறுதிச் சுற்றும் இரு ஊர்களிலும் மாறி மாறித்தான் நடந்தது. 1987-ல் சார்ல்டனும் லீட்ஸும் ஆளுக்கொரு ஆட்டம் வென்று சமனில் நிற்க, பர்மிங்ஹாமில் மூன்றாவதாக ஓர் ஆட்டம் வைக்க வேண்டியிருந்தது. 1990 முதல் இறுதி ஆட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் பெரும்பாலும் லண்டனின் வெம்பிளியில். வருமானத்துக்கும் விளம்பரத்துக்கும் அது உதவியது. கூடவே, ஓர் ஊரின் சொந்த மைதானத்தில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் என்ற இடம் அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது. வெம்பிளியில் பாதிக் கேலரி எதிரணிக்கு; ஜெயித்தாலும் அது வாடகை வீட்டில் நடக்கும் கல்யாணம்தான். சொந்த மண்ணில், அப்பனும் பிள்ளையும் வழக்கமாக உட்காரும் இருக்கைகளுக்கு முன்னால் நடக்கும் கொண்டாட்டத்துக்கு அரையிறுதியை விட்டால் வேறு நாள் கிடையாது. பட்டியலில் மேலே முடித்த அணிக்கே இரண்டாவது ஆட்டம் சொந்த ஊரில் என்பதும் விதி. ஆகவே பழைய தோல்விகளின் கணக்குத் தீர்க்கும் இரவு பெரும்பாலும் உள்ளூரிலேயே அமைகிறது. இப்ஸ்விச் 1997, 1998, 1999 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அரையிறுதியிலேயே வெளியேறியது; அவற்றில் இரண்டு முறை, மொத்தம் சமனானால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதியால். அடுத்த பருவத்தில் அந்த விதி பிளே-ஆஃபிலிருந்து நீக்கப்பட்டது. 2000-ல், முந்தைய ஆண்டு தன்னை வெளியேற்றிய அதே போல்டனை, சொந்த ஊரில் மூன்று முறை பின்தங்கி, 90-வது நிமிடத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 5-3 என்று வென்றது. அன்றைய ஆரவாரத்தில் பாதி முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு உரியது.

இவற்றோடு சேர்ந்ததுதான் வேலி. களத்தில் இறங்குவதைத் தடுக்க 1970-களில் பல மைதானங்களில் உயரமான கம்பி வேலிகள் எழுந்தன. 1985-ல் செல்சியின் தலைவர் கென் பேட்ஸ் மின்வேலியே போட்டார். லண்டன் மாநகர நிர்வாகம் மறுத்ததால் அதில் மின்சாரம் பாயவில்லை. ரசிகர் என்றாலே அடக்கப்பட வேண்டியவர் என்ற அந்த மனப்பாங்குக்கு 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் விலை கொடுக்க நேர்ந்தது. லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பகுதியில் நெரிசல் மிகுந்து, மூச்சுத் திணறியவர்கள் வேலி மேல் ஏறினார்கள். களத்தில் இறங்கிக் கலவரம் செய்யப்போகிறார்கள் என்றே போலீஸ் முதலில் நினைத்தது. இறந்தவர்கள் 97 பேர். இதை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கைக்குப் பிறகு மேல்நிலை மைதானங்கள் முழுவதும் இருக்கைகள் வந்தன, வேலிகள் மறைந்தன. 1991-ல் வந்த சட்டம், அனுமதியின்றி களத்தில் இறங்குவதைக் குற்றமாக்கியது. கம்பி நின்ற இடத்தில் சட்டம் நின்றது. ஆனால் கம்பியைப் போலச் சட்டம் காலைத் தடுக்காது. முதல் பத்துப் பேர் இறங்கிவிட்டால் அடுத்த பத்தாயிரம் பேரை எந்தக் காவலரும் நிறுத்த முடியாது.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் கூடும்போது என்ன நடக்கும் என்பதை 2013 மே 12 அன்று வாட்ஃபோர்டின் விகரேஜ் ரோடு மைதானம் காட்டியது. லெஸ்டரிடம் முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்ற வாட்ஃபோர்டு, சொந்த ஊரில் 2-1 என்று முன்னிலை, மொத்தம் 2-2. நிறுத்த நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் லெஸ்டருக்குப் பெனால்டி. அது கோலானால் வாட்ஃபோர்டின் பருவம் முடிந்தது. அந்தோணி நாக்கேர் அடித்ததைக் கோல் கீப்பர் அல்முனியா காலால் தடுத்தார். திரும்பி வந்த பந்தையும் தடுத்தார். பந்து அப்படியே மறுமுனைக்குப் பறந்தது. வலப்பக்கமிருந்து வந்த பந்தை ஹாக் தலையால் கீழே இறக்கிக் கொடுக்க, டிராய் டீனி வலைக்குள் அடித்தார். பெனால்டிக்கும் கோலுக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை. டீனி சட்டையைக் கழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய, கூட்டம் களத்துக்குள் இறங்கியது. இறுதி ஆட்டத்தில் கிறிஸ்டல் பேலஸிடம் தோற்று, வாட்ஃபோர்டு அந்த ஆண்டு மேலேறவில்லை. இன்றும் பேசப்படுவது அரையிறுதிதான். வெம்பிளி தோல்வி அதை அழிக்கவில்லை.

பணம்தான் இந்தப் பதற்றத்துக்குக் காரணம் என்று சிலர் வாதிடுவார்கள். பிரீமியர் லீக்குக்கு ஏறுவது குறைந்தது 17 கோடி பவுண்டு மதிப்புள்ளது என்று டெலாய்ட் 2023-ல் கணக்கிட்டது உண்மை. ஆனால் அந்தப் பணம் எட்டிப் பார்க்காத மூன்றாம் அடுக்கில்தான், அதே 2023 மே 18 அன்று, பிளே-ஆஃப் வரலாற்றின் மிகப் பெரிய மீட்சி நிகழ்ந்தது. பீட்டர்பரோவிடம் 4-0 என்று தோற்றுவிட்டு வந்த ஷெஃபீல்டு வென்ஸ்டே, சொந்த மைதானத்தில் நிறுத்த நேரத்தின் எட்டாவது நிமிடத்தில் நான்காவது கோலைப் போட்டுச் சமன் செய்தது; கூடுதல் நேரத்தில் மீண்டும் பின்தங்கி, மீண்டும் சமன் செய்து, பெனால்டியில் 5-3 என்று வென்றது. அந்த மைதானம் ஹில்ஸ்பரோ. முப்பதாயிரம் பேருக்கு மேல் இருந்த கூட்டத்திலிருந்து, வேலியில்லாத அந்தப் புல்தரையில் மனிதர்கள் ஓடி வந்தார்கள். களம் இறங்குவது பிளே-ஆஃபை விடப் பழையது என்பதும் மறுக்க முடியாதது: 1966 உலகக் கோப்பை இறுதியில் கடைசி கோல் விழும் முன்பே சிலர் களத்தில் இருந்தார்கள், 1972-ல் ஹெர்ஃபோர்டு நியூகாசிலை வீழ்த்தியபோது சிறுவர் கூட்டம் பாய்ந்தது. அவை எப்போதோ நேர்ந்தவை. அவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு நாளும் ஓர் இடமும் குறித்துக் கொடுத்தது பிளே-ஆஃப்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நியாயம் பற்றியது. 1987-ல் நான்காம் டிவிஷனில் வுல்வ்ஸ் 79 புள்ளி, ஆல்டர்ஷாட் 70; பிளே-ஆஃபில் ஏறியது ஆல்டர்ஷாட். 2023-ல் வென்ஸ்டே 96 புள்ளி, பீட்டர்பரோ 77. ஒன்பது மாத உழைப்பை இரண்டு ஆட்டங்கள் தட்டிப் பறிக்கலாமா? கூடாது என்றே கணிதம் சொல்லும். ஆனால் அந்த அநியாயத்தின் பயம்தான் உள்ளூர் கேலரியை நடுங்க வைக்கிறது. 96 புள்ளி எடுத்தவன் பறிகொடுக்கப் போகிறான் என்ற பயம் தீர்ந்ததும் வரும் மூச்சுதான் அந்தக் கூச்சல். பட்டியல் மட்டுமே தீர்ப்பாக இருந்த 90 ஆண்டுகளில் இந்த மூச்சுக்கு இடமிருக்கவில்லை.

கடைசி ஆட்சேபத்தை எந்த ரசிகரும் தட்டிக்கழிக்கக் கூடாது. 2022 மே 17 அன்று நாட்டிங்ஹாமில் ஃபாரஸ்ட் பெனால்டியில் வென்றதும் களத்தில் பாய்ந்தவர்களில் ஒருவர், ஓரமாக நின்றிருந்த ஷெஃபீல்டு யுனைடெட் வீரர் பில்லி ஷார்ப்பைத் தலையால் மோதி வீழ்த்தினார். 24 வாரச் சிறைத் தண்டனை கிடைத்தது. இரண்டு நாள் கழித்து போர்ட் வேல் மைதானத்தில் ஸ்விண்டன் வீரர்கள் தாக்கப்பட்டார்கள். அடுத்த பருவம் முதல், களத்தில் இறங்குவோருக்குக் கிளப்பே தடை விதிக்கும் என்று விதி இறுகியது. அடித்தவனைச் சிறையில் போட்டது சரி. ஆனால் விதி இறுகிய மறு மே மாதமே ஹில்ஸ்பரோவில் கூட்டம் இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறுதி ஆட்டத்தை ஊரை விட்டு எடுத்தவர்களும், அரையிறுதியை இரு ஆட்டமாக்கி டிக்கெட் விற்றவர்களும், அதன் விளைவை மட்டும் ரசிகர் தலையில் கட்டுவது எடுபடாது. விசில் ஊதியதும் வெளியூர் வீரர்களை முதலில் உள்ளே அழைத்துச் செல்வதும், அவர்களுக்குத் தனி வழி விடுவதும் கிளப்பின் கடமை. அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், அவ்வளவே. வீரர் மேல் கை வைப்பவருக்குச் சிறை, களிப்பில் புல்லை மிதிப்பவருக்கு எச்சரிக்கை என்ற வேறுபாட்டைச் சட்டம் காக்கட்டும். மீண்டும் வேலி போடலாம் என்று எவராவது சொன்னால், 97 பெயர்கள் அதற்குப் பதில்.