ஊசியும் குப்பாயமும்

தென்திருவிதாங்கூர்த் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் ரேந்தைப் பின்னலுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கியுள்ளனர். கணவர் சார்லஸ் மால்ட்டுடன் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், 1821இல் அதனைப் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிலர் அதன் வருவாயைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினர். இது நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும் ரேந்தை தையலே அன்று. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை முறுக்கிப் பின்னுவது. அது ஐரோப்பியருக்கு விற்கப்பட்டது. எளிய தையலோ தைத்தவர்களுக்கே ஆடையாயிற்று. அதனை ஒரே வரியில் கடந்து செல்வது நேர்மையாகாது என்பது நம் கருத்து.

அந்நாளில் அங்கே பெரும்பாலோர் உடுத்தியது தைக்காத ஆடை. குப்பாயத்துக்கோ துணியை வெட்டி இணைக்கவேண்டும். ஓட்டுத் தையல் விரைவில் முடியும். நூல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசை முழுவதும் நெகிழ்ந்துவிடும். ஆகையால் இழுப்பைத் தாங்கும் கைக்குழியில் பின்தையல் வேண்டும். அதில் ஊசி ஒவ்வொரு முறையும் பின்வாங்கி, முந்திய தையல் முடிந்த இடத்தில் இறங்கி, அப்பால் முன்னே எழும். கழுத்திலும் கைமுனையிலும் துணியை இருமுறை மடித்து ஓரத்தையல் இடாவிடில் பிசிறு பிரியும். மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் இயந்திரத் தையலுக்கு எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதே 1846இல்தான். எனவே 1820களின் குப்பாயங்கள் யாவும் கைத்தையலே.

ஆனால் ஏன் குப்பாயம்? கிறிஸ்தவரான நாடார் பெண்கள் நாடியது தோள்சீலை. 1814இல் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் ஆணையோ, சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிந்த குப்பாயத்தை மட்டும் அனுமதித்து, மேல்சாதிப் பெண்களைப்போல் தோளில் சீலையிடுவதைத் தடுத்தது. ஆக, குப்பாயம் அதிகாரம் வரைந்து கொடுத்த எல்லை. மிஷனரிகளின் மனைவியர் அடக்கம் கருதி, தளர்வான குறுங்கைக் குப்பாயத்தை வடிவமைத்துக் கொடுத்தனர். பெண்கள் அதனை அணிந்து, அதன்மேல் தோள்சீலையையும் இட்டுக்கொண்டனர்! 1822 முதல் 1859 வரை மூன்று முறை மூண்ட கலகங்களில் அவர்களுடைய மேலாடைகள் கிழிக்கப்பட்டன; ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829ஆம் ஆண்டின் அரச ஆணையும் குப்பாயத்தோடு நின்றுவிடுமாறே பணித்தது.

தொற்காளின் அங்கிகளைப்பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசித்து, தையலைத் தர்மக் கிரியையாகவே பிரசங்கிப்பது நம்மிடையே வழக்கம். இப்பெண்களின் செயலை அதற்குள் அடக்கிவிட இயலாது. கொடுக்கப்பட்டதை அவர்கள் மறுக்கவில்லை. கொடுக்கப்படாததையும் அதன்மேல் அணிந்து சந்தைக்குச் சென்றனர்.

சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் வற்புறுத்தலுக்குப்பின், 1859 ஜூலை 26இல் அரச விளம்பரம் வெளிவந்தது. நாடார் பெண்கள் எம்மதத்தவராயினும் குப்பாயம் அணியலாம், அல்லது முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணி போர்த்தலாம் என்றது. மேல்சாதிப் பெண்களின் முறையில் உடுத்துவதை மட்டும் அப்போதும் விலக்கியே வைத்தது.